ஆணைமொழியிலிருந்து குறிச்சொல்லுக்கு: ஆங்கில நிகழ்த்துநர் வழங்கிய மென்மாற்றுச் சொற்களின் வரலாறு (1606–2025)

ஆய்வுச் சுருக்கம்

மேடையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இணையக் காணொளியிலும் தொழில்புரியும் நிகழ்த்துநர், தடைசெய்யப்பட்ட சொல்லுக்கு ஈடாக மென்மையான வேறொரு சொல்லை வழங்குவது நெடுங்கால வழக்கமாகும். ஆங்கில நிகழ்த்துகலையில் இவ்வழக்கம் 1606 முதல் இன்றுவரை அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. மாற்றுச்சொல்லின் வடிவத்தைத் தீர்மானிப்பது பேசுவோரின் நாணம் அன்று. தண்டிக்கும் அதிகாரம் எத்தகையது, அது எவ்வாறு கேட்கிறது என்பனவே அதனைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தமிழ் இலக்கணம் கூறும் தகுதி வழக்கு இதற்கு ஒப்பீட்டுக் கருவியாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: மென்மாற்றுச் சொல், இடக்கரடக்கல், குழூஉக்குறி, தணிக்கை, நிகழ்த்துகலை, இணையக் காணொளி.

முன்னுரை

அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்லும் மரபைத் தொல்காப்பியம் எச்சவியலில் குறிப்பிடுகிறது. நன்னூல் இதனை மேலும் வகுத்து, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றையும் தகுதி வழக்கு என்கிறது. கால் கழுவி வருதல் என்பது இடக்கரடக்கல். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. இம்மூன்றும் சொல் மாறும் காரணத்தைக் கொண்டு வகுக்கப்பட்டவை. அவையின் நாகரிகம், நன்மை விழைவு, குழுவின் மறைபொருள் என்பன முறையே அக்காரணங்கள்.

ஆங்கில நிகழ்த்துநர் வழங்கிய மென்மாற்றுச் சொற்களை இம்மூன்றனுள் ஒன்றாக எளிதில் அடக்க இயலாது. இடக்கரடக்கலில் விலக்கப்பட்ட சொல்லின் ஓசை முற்றிலும் மறைந்துவிடுகிறது. ‘கால் கழுவுதல்’ என்பதில் மறைக்கப்பட்ட சொல்லின் ஓர் எழுத்தும் இல்லை. ஆங்கில மென்மாற்றுச் சொல்லோ மூலச்சொல்லின் ஓசையைப் பாதி காட்டிப் பாதி மறைக்கிறது. அவையோர் மூலத்தை உணர வேண்டும். அதே வேளையில், ‘இவன் அச்சொல்லைச் சொன்னான்’ என்று எவரும் மெய்ப்பிக்க இயலாதிருக்க வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் இடையில் பிறப்பதே இச்சொல். எனவே பேசுவோன், கேட்போன் என்னும் இருவருக்கு அப்பால், தண்டிக்க வல்ல மூன்றாமவன் ஒருவனையும் கணக்கிற்கொண்டே இதனை ஆராய்தல் வேண்டும்.

1. மேடையும் சட்டமும்: 1606

கடவுளின் பெயரை மழுக்கி ஆணையிடும் வழக்கம் சட்டத்திற்கு முற்பட்டது. ‘காட்’ என்பதற்கு ஈடாகக் ‘காக்’ என்று சொல்லும் முறையைச் சாசரின் கான்டர்பரி கதைகளிலேயே காணலாம். எலிசபெத் காலத்து நாடகங்களில் ‘சவுண்ட்ஸ்’ (கடவுளின் காயங்கள்), ‘ஸ்பிளட்’ (கடவுளின் குருதி), ‘ஸ்லைட்’ (கடவுளின் ஒளி) ஆகியவை மிகுதியாகப் பயின்றன. இவற்றில் கடவுளின் பெயர் ஓர் ஒற்றெழுத்தாகத் தேய்ந்துவிட்டது.

1606இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் நடிகர்களின் தவறுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை இயற்றியது. நாடகத்திலோ வேறு காட்சியிலோ கடவுள், கிறித்து, தூய ஆவி, திரித்துவம் ஆகிய பெயர்களை வேடிக்கையாகவோ இழிவாகவோ சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் பத்துப் பவுன் தண்டம் என்று அது விதித்தது. அக்காலத்துப் பொது அரங்கில் நின்று நாடகம் காணும் கட்டணம் ஒரு பென்னி. ஒரு பவுனுக்கு 240 பென்னி ஆதலின், ஒரு சொல்லுக்கான தண்டம் 2400 பேர் செலுத்தும் நுழைவுக் கட்டணத்திற்கு ஈடாயிற்று. தண்டத்தொகையில் பாதி மன்னருக்கும், மறுபாதி வழக்குத் தொடுத்தவருக்கும் உரியது என்றும் சட்டம் கூறியது. அவையில் அமர்ந்திருக்கும் எவரும் ஊதியம் பெறும் ஒற்றராகலாம் என்னும் நிலை இதனால் உண்டாயிற்று.

இச்சட்டம் மேடைப்பேச்சையே கட்டுப்படுத்தியது, அச்சைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் அதன் தடம் அச்சுநூல்களில் காணப்படுகிறது. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ 1622இல் தனிநூலாகவும், 1623இல் பெருந்தொகுப்பின் பகுதியாகவும் வெளிவந்தது. தனிநூலில் உள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆணைமொழிகள் தொகுப்பில் இல்லை. தனிநூலில் இயாகோ வாய்திறந்து சொல்லும் முதற்சொல்லே ‘ஸ்பிளட்’ என்பதாகும். தொகுப்பில் அது நீக்கப்பட்டுள்ளது. இந்நீக்கத்திற்குச் சட்டமே காரணமா, படியெடுத்தோரின் விருப்பமா என்பதில் பாடத்திறனாய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காரணம் எதுவாயினும், நாவடக்கமற்றவன் என்று முதற்சொல்லிலேயே அடையாளம் பெற்ற ஒரு பாத்திரம் அவ்வடையாளத்தை இழந்தது என்பது தெளிவு.

2. மன்னர் அளித்த தீர்ப்பு: 1634

ஒரு சொல் ஆணைமொழியா, வெறும் உறுதிச்சொல்லா என்னும் வினா இக்காலத்தில் எழுந்தது. அரசவைக் கேளிக்கைத் தலைவராக இருந்த சர் ஹென்றி ஹெர்பர்ட் நாடகப் படிகளைத் தணிக்கை செய்யும் பொறுப்புடையவர். டேவனன்ட் எழுதிய ‘தி விட்ஸ்’ நாடகத்தில் அவர் நீக்கிய சொற்கள் குறித்த முறையீடு மன்னர் முதலாம் சார்லசிடம் சென்றது. 1634 சனவரியில் மன்னர் ஹெர்பர்ட்டை அழைத்துப் படியை உடன் வைத்துப் படித்தார். ‘ஃபெய்த்’, ‘டெத்’, ‘ஸ்லைட்’ ஆகியவை உறுதிச்சொற்களே, ஆணைமொழிகள் அல்ல என்று முடிவு செய்தார். ஹெர்பர்ட் அதற்குப் பணிந்தார். எனினும் தம் கருத்தில் அவை ஆணைமொழிகளே என்று தம் அலுவலகக் குறிப்பேட்டில் பதிவு செய்தார்.

இந்நிகழ்ச்சி ஒரு முதன்மையான செய்தியைத் தருகிறது. மன்னரும் தணிக்கையாளரும் முரண்பட்டது சொல்லின் வடிவத்தைப் பற்றி அன்று. அதன் பொருளைப் பற்றியே ஆகும். ‘ஸ்லைட்’ என்பதன் மூலம் எது என்பதை இருவரும் அறிவர். அம்மூலப்பொருள் இன்னும் அச்சொல்லில் உயிர்ப்புடன் உள்ளதா என்பதே வழக்கு. விதி எழுத்தில் இருந்தது. விதியை விளக்கும் மனிதர் இருந்தார். அவர்மேல் முறையீடு செய்யும் வழியும் இருந்தது.

3. ஒலிபரப்பும் சொற்பட்டியலும்

இருபதாம் நூற்றாண்டிற்குள் ஆங்கிலேயர் அஞ்சிய சொற்களின் களம் மாறிவிட்டது. சமயச் சொற்களின் கூர்மை மழுங்கியது. உடலையும் புணர்ச்சியையும் கழிவையும் சுட்டும் சொற்கள் கூர்மை பெற்றன. இடைநிலையில் நின்ற சொல் ‘பிளடி’. 1914இல் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ இலண்டனில் அரங்கேறியபோது, கதைத்தலைவி இச்சொல்லைச் சொன்னது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அதன்பின் மக்கள் ‘பிளடி’ என்பதற்கு ஈடாகப் ‘பிக்மேலியன்’ என்றே சொல்லத் தொடங்கினர். தடையை மீறிய நாடகத்தின் பெயரே தடைக்கு இணங்கும் மாற்றுச்சொல் ஆனது.

1940களின் இறுதியில் பிபிசி நிறுவனம் தன் பல்சுவை நிகழ்ச்சிகளின் எழுத்தாளர்க்கும் தயாரிப்பாளர்க்கும் ஒரு வழிகாட்டி நூலை வழங்கியது. ‘பச்சை நூல்’ என்று பெயர்பெற்ற அது, நீக்கவேண்டிய சொற்களைப் பட்டியலிட்டு, அவற்றின் இடத்தில் தீங்கற்ற சொற்களை இடுமாறு கூறியது. அப்பட்டியலில் ‘காட்’, ‘டேம்’, ‘பிளடி’ ஆகியவற்றுடன் ‘கோர்பிளைமி’, ‘ரடி’ ஆகியவையும் இடம்பெற்றன. ‘கோர்பிளைமி’ என்பது, கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும் என்னும் ஆணையின் மழுங்கிய வடிவம். ‘ரடி’ என்பது ‘பிளடி’யின் மாற்றுச்சொல். அதாவது, மாற்றுச்சொற்களும் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. தணிக்கை செய்தோர் மொழியறிந்த மனிதர் ஆதலின், வடிவம் மாறினும் பொருளைக் கண்டுகொண்டனர். நிகழ்த்துநர் மேலும் ஒருபடி தொலைவிலிருந்து சொல்லைக் கொணர வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் இச்சிக்கல் நீதிமன்றத்தை அடைந்தது. நகைச்சுவையாளர் ஜார்ஜ் கார்லின், ஒலிபரப்பில் சொல்லவே முடியாத சொற்கள் எவை என்று எண்ணிக் காட்டிய நிகழ்ச்சியொன்றை 1973 அக்டோபர் 30 அன்று பிற்பகலில் நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று ஒலிபரப்பியது. ஒரே ஒரு நேயர் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டார். 1978இல் உச்சநீதிமன்றம் 5–4 என்னும் பெரும்பான்மையில் ஆணையத்தின் அதிகாரத்தை ஏற்றது. குழந்தைகள் கேட்கக்கூடிய நேரம் என்பது தீர்ப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இவ்வாறு தடைக்கு நேர எல்லை வகுக்கப்பட்டது.

இக்காலத்துத் தொலைக்காட்சித் தொடர்கள் புதிய சொற்களைப் புனைந்தன. 1978இல் தொடங்கிய ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வின் ‘ஃபிராக்’, 1988இல் தொடங்கிய ‘ரெட் டுவார்ஃப்’ தொடரின் ‘ஸ்மெக்’ ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கதை வேற்றுலகில் நிகழ்வதால் வேற்றுச்சொல் இயல்பாகப் பொருந்தியது. இங்கே மாற்றுச்சொல் கட்டுப்பாட்டின் விளைவாக மட்டும் அமையாமல், கதையுலகைக் கட்டும் கருவியாகவும் ஆயிற்று.

4. காணொளியும் கணிப்பொறியும்

இணையக் காணொளிக் கலைஞர்க்குத் தண்டம் வேறு வகையில் வருகிறது. 2017இல் விளம்பர நிறுவனங்கள் பல யூடியூபிலிருந்து விலகியபின், விளம்பரத்திற்கு ஏற்ற உள்ளடக்கம் எது என்பதே வருவாயைத் தீர்மானித்தது. 2022 நவம்பரில் வசைச்சொல் பற்றிய விதிகள் கடுமையாக்கப்பட்டன. முன்பே வெளியிட்ட காணொளிகளின் வருவாயும் குறைந்ததாகப் படைப்பாளர் பலர் முறையிட்டனர். 2023 மார்ச்சில் விதி தளர்த்தப்பட்டது. எனினும் காணொளியின் முதல் 7 நொடிகளில் வரும் கடும்வசைக்குக் கட்டுப்பாடு நீடித்தது. 2025 சூலையில் அதுவும் தளர்ந்தது. ஒலிபரப்பில் மணிக்கணக்கில் இருந்த எல்லை இங்கே நொடிக்கணக்கிற்குச் சுருங்கியது.

1606ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் அமையவில்லை. இங்கே கேட்பது பெரும்பாலும் பொறி. பச்சை நூலை எழுதியோர் ‘ரடி’ என்பதில் ‘பிளடி’யைக் கேட்டனர். பொறியோ முதன்மையாக வடிவத்தைத் தேடுகிறது என்று படைப்பாளர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையே அவர்தம் சொல்லாக்கத்தின் அடிப்படை. பொருளை மறைக்க வேண்டியதில்லை. எழுத்தையும் ஓசையையும் மாற்றினால் போதும் என்பது அதன் விளைவு. எது தடைக்குரியது என்பது ஐயத்திற்கிடமாக இருப்பதால், மாற்றுச்சொல் வசையின் எல்லையைக் கடந்து பிற சொற்களுக்கும் பரவுகிறது.

‘அன்அலைவ்’ என்னும் சொல் இதற்குச் சிறந்த சான்று. கொல்லுதல் என்று சொல்ல இயலாத சிறுவர் தொலைக்காட்சியில், 2013இல் ஒளிபரப்பான ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ தொடரின் பாத்திரமொன்று இதனை நகைச்சுவையாக வழங்கியது. பின்னர் டிக்டாக் காணொளிகளில், தற்கொலையையும் கொலையையும் பற்றிப் பேசுவோர் தம் காணொளி மறைக்கப்படலாம் என்னும் அச்சத்தால் இச்சொல்லைக் கையாண்டனர். 2024இல் சியாட்டில் நகரின் பாப் பண்பாட்டு அருங்காட்சியகம், இசைக்கலைஞர் கர்ட் கோபேனின் மறைவைக் குறிக்கும் விளக்கப் பலகையில் இச்சொல்லையே பயன்படுத்தியது. கண்டனம் எழுந்தபின் அது மாற்றப்பட்டது.

அருங்காட்சியகப் பலகையைத் தணிக்கை செய்யும் பொறி எதுவும் இல்லை. மனநலச் சிக்கலால் மாண்டோர்க்குச் செய்யும் மரியாதையாகவே இச்சொல் அங்கே விளக்கப்பட்டது. தண்டத்திற்கு அஞ்சித் தோன்றிய சொல், தண்டம் இல்லாத இடத்தில் மங்கல வழக்காக மாற முயன்றது. படிப்போர் அதனை ஏற்கவில்லை. துயரை மென்மைப்படுத்தும் சொல்லாக அது அவர்களுக்குப் படவில்லை. வேடிக்கைச் சொல்லாகவே பட்டது.

5. தகுதி வழக்கு நோக்கில்

மேற்கண்ட மூன்று கட்டங்களும் தகுதி வழக்கின் மூன்று காரணங்களை ஓரளவு நினைவூட்டுகின்றன. கடவுள் பெயரை மழுக்கியதில் மங்கலத்திற்கு நெருக்கமான அச்சம் உண்டு. உடற்சொற்களை மாற்றியதில் இடக்கரடக்கலின் கூறு உண்டு. காணொளிச் சொற்கள் புறத்தார் அறியாமல் தம்முள் வழங்கும் குழூஉக்குறியை ஒத்துள்ளன. ஆயினும் குழூஉக்குறியில் புறத்தார் என்போர் மனிதர். காணொளிச் சொல்லிலோ மனிதர் அனைவரும் அகத்தார். பொறி மட்டுமே புறத்தது. மேலும், தகுதி வழக்கில் பேசுவோர் தம் இசைவினால் சொல்லை மாற்றுகின்றனர். நிகழ்த்துநரோ ஊதியத்தை இழவாமை பொருட்டு மாற்றுகின்றனர்.

ஆதலின், தமிழ்க் காணொளிக் கலைஞரின் மாற்றுச்சொற்களை ஆராய்வோர் அவற்றை ‘இடக்கரடக்கல்’ என்னும் ஒரே பெயரில் தொகுப்பது போதாது. சொல்லின் ஓசை மறைந்துள்ளதா, எஞ்சியுள்ளதா. தடுப்பது அவையா, சட்டமா, நிறுவனமா, பொறியா. தடை நீங்கிய இடத்திலும் சொல் தொடர்கிறதா என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். மூன்றாம் வினாவிற்கான விடையே, அச்சொல் மொழியின் நிலையான வழக்காயிற்றா என்பதைக் காட்டும்.

முடிவுரை

ஆங்கில நிகழ்த்துநரின் மென்மாற்றுச் சொற்கள் அவ்வக்காலத்து அதிகாரத்தின் செவியைப் பதிவு செய்துள்ளன. பொருளைக் கேட்ட அதிகாரம் இருந்தவரை சொற்கள் பொருளில் விலகின. வடிவத்தைத் தேடும் பொறி வந்தபின் அவை வடிவத்தில் விலகுகின்றன. 1622, 1623ஆம் ஆண்டுப் பதிப்புகள் இரண்டும் எஞ்சியதால்தான் இயாகோ இழந்த சொல் எது என்பதை இன்று அறிகிறோம். காணொளிக் கலைஞர் சொல்லாமல் விட்ட சொல்லுக்கு அத்தகைய முற்படி பெரும்பாலும் இல்லை; பேசும் முன்னரே சொல் மாற்றப்பட்டுவிடுகிறது. எனவே மாற்றுச்சொற்களை அவை வழங்கிய காலம், தளம், அன்றைய விதி ஆகியவற்றுடன் உடனுக்குடன் தொகுத்து வைப்பது மொழி வரலாற்றாய்வின் இன்றைய கடமையாகும்.