எழுதிய கையின் பொறுப்பு

சிற்றூர்களையும் வான்வழியே இணைக்கும் நோக்குடன் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய 14 இருக்கைச் சிறு விமானம் 'சரஸ்'. அது முதன்முதல் பறந்தது 2004 மே 29 அன்று. அதன் இரண்டாம் மாதிரி 2009 மார்ச் 6 அன்று பிடதி அருகே வெட்டவெளியில் வீழ்ந்து எரிந்தது. விங் கமாண்டர்கள் பிரவீன், தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா ஆகிய மூவரும் உயிர்நீத்தனர்.

பறக்கும்போதே ஓர் எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்குவதே அன்றைய சோதனை. அதற்கென வடிவமைப்பாளர் வகுத்த வழிமுறையே தவறானது என்றும், போதிய உயரமின்றி அது கையாளப்பட்டதால் விமானம் விரைந்து கீழிறங்கியது என்றும் அரசு விசாரணை கண்டது. திருத்தப்பட்ட சரஸ் 2018 ஜனவரி 24 அன்று மீண்டும் பறந்தது.

வேப்பனப்பள்ளியிலிருந்து ஒசூர்த் தொழிற்கூடங்களுக்குச் செல்வோரை அறிந்த நமக்கு இச்செய்தி அந்நியமன்று. வழிமுறை எழுதுபவர் ஒருவர். எந்திரத்தின் முன் நிற்பவர் வேறொருவர். முன்னவர் தவறினால் பின்னவர் குருதி சிந்துகிறார். ஆபேலைக் குறித்துக் காயீனிடம் கணக்குக் கேட்ட இறைவன் நம் மேசைகளையும் காண்கிறார். இறந்தோருக்காகச் செபிக்கும் நாம், எழுதும் முன்னும் சற்றுச் செபிப்போமாக.