ஊவாத் தோட்டங்களும் நினைவென்னும் சான்றும்

ஒன்றை அறிந்திருத்தலையும் ஒன்றை நினைவுகூர்தலையும் ஒரே செயலாகக் கருதுவது வழக்கம். 1972 இல் எண்டெல் தல்விங் என்னும் உளவியலாளர் இவ்விரண்டையும் வேறுபிரித்தார். பதுளை ஊவாவின் தலைநகர் என்பது அறிவு. மழைநாளொன்றில் தந்தையின் கைப்பிடித்துப் பதுளைக்குச் சென்றது நிகழ்வு நினைவு. ஊவாத் தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு வெறும் உளநூற் செய்தியன்று. ஒருவர் இந்நாட்டவரா அல்லரா என்பதே அதனைச் சார்ந்து நின்றதொரு காலம் இருந்தது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடத்தும் தந்தையின் பிறப்புக்கு, அன்றேல் பாட்டன், பூட்டன் இருவரது பிறப்புக்கும் சான்று வேண்டிற்று. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டமோ 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடைவிடாது வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. 12 மாதத்துக்கு மேல் நாட்டை நீங்கியிருப்பின் தொடர்ச்சி அறுந்ததாகும்.

லயத்தில் வாழ்ந்தவரின் நினைவு மாதக்கணக்கில் அமைந்ததன்று. பதுளைக்குப் புகையிரதம் வந்த ஆண்டு, மூத்த மகள் பேர் பதிந்த ஆண்டு, இன்ன துரையின் காலம் என்றே அது எண்ணும். முதலாவதை 1924 எனப் பெயர்த்துக்கொள்ளலாம். ஏனையவற்றைச் செக்றோலின்றிப் பெயர்த்தல் அரிது. செக்றோலோ துரையின் கையில் இருந்தது. தாயின் இறுதிச் சடங்குக்குத் தலைமன்னார் வழியே ஊர் சென்று மீண்டவருக்குக் கடலும் மண்டபம் முகாமும் நினைவிருக்கும்; தங்கியது 11 மாதமா 13 மாதமா என்பது இராது. இதனைப் பொய்யெனல் பொருந்தாது. நினைவு படியெடுத்து வைப்பதன்று, வேண்டும்போது மீளக் கட்டுவது என்பதைப் பார்ட்லெற் 1932 இலேயே காட்டினார். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. நினைவின் குறையே இதற்குக் காரணமென்பார், சட்டத்தின் நோக்கத்தை மறைப்பவராவர். எஞ்சியோருக்கான உரிமை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருந்தது.

அவ்வாறாயின் நினைவு எதற்கு? நிகழ்வு நினைவை இழந்த நோயாளர் ஒருவர், நாளை என்ன செய்வீர் என்ற வினாவுக்கும் விடையற்று நின்றதைத் தல்விங் 1985 இல் எடுத்துரைத்தார். நேற்றை மீட்கும் ஆற்றலே நாளையையும் கற்பனை செய்கின்றது போலும். ஆயினும் முன்னுணர்ந்தவர் செல்வதற்கு ஓரிடம் வேண்டும். கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மாற்றுக் காணியின்றி மக்கள் அதே லயங்களிலேயே இருந்தனர்.

2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து அவ்வரிசைகளை மூடிற்று. காணாமற் போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கெனச் சொல்லப்பட்டுப் பின்னர் குறைந்தது. அன்று காலை யார் வீட்டிலிருந்தார், யார் கொழுந்தெடுக்கப் போயிருந்தார், எந்தப் பிள்ளை பாடசாலைக்குச் சென்றிருந்தது என்பதை உயிர் தப்பியோரின் வாயிலிருந்தே கேட்டறிய வேண்டியிருந்தது.