வாங்கிக்கொண்டு கொட்டிய ரத்தம்

இஸ்ரேலில் விபத்து, மாரடைப்பு என்றால் மக்கள் அழைக்கும் எண் 101. அழைப்பை எடுப்பது மாகென் டேவிட் அடோம் என்ற அமைப்பு. 1930இல் டெல் அவிவில் தொடங்கிய இந்த முதலுதவி அமைப்பு, 1950இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய சேவையானது. ஆம்புலன்ஸ் மட்டுமல்ல, நாட்டின் ரத்த வங்கியும் அதன் பொறுப்புதான். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய இந்தச் சேவையின் வரலாற்றில் 1996 ஜனவரி என்றொரு பக்கம் உண்டு. சாதி ஒழிப்பு பேசும் நாம் படிக்க வேண்டிய பக்கம் அது.

எத்தியோப்பியாவில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த கறுப்பின யூதர்களை இஸ்ரேல் அரசு 1984-85இல் சூடான் வழியாகவும், 1991 மே மாதத்தில் நேரடியாகவும் விமானங்களில் அழைத்து வந்தது. 1991இல் ஒன்றரை நாளில் வந்தவர்கள் மட்டும் 14,000 பேருக்கு மேல். வந்து இறங்கியதும், அவர்கள் முழுமையான யூதர்கள்தானா என்று மதத் தலைமை சந்தேகப்பட்டது. சடங்கு முழுக்குப் போடச் சொன்னது. 1985இலேயே அதை எதிர்த்து அவர்கள் போராடினார்கள்.

தீட்டுப் பேச்சு அதோடு முடியவில்லை. எத்தியோப்பிய யூதர்கள் தானம் செய்த ரத்தத்தை ரத்த வங்கி வாங்கிக்கொண்டு, அவர்களுக்குத் தெரியாமலேயே அழித்து வந்ததை 1996 ஜனவரியில் மாரிவ் நாளிதழ் அம்பலப்படுத்தியது. ஜனவரி 28 அன்று ஏறத்தாழ 10,000 பேர் ஜெருசலேமில் பிரதமர் அலுவலகத்தின் முன் திரண்டார்கள். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது, பலர் காயமடைந்தனர். அரசு, முன்னாள் குடியரசுத் தலைவர் யிட்சாக் நவோன் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது.

அதிகாரிகள் சொன்ன காரணம் எச்.ஐ.வி. எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்களிடம் தொற்று விகிதம் கூடுதல் என்றார்கள். தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம் என்பதும் உண்மை. ரத்தம் பெறும் நோயாளியின் பாதுகாப்பு முக்கியம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே தனி ஒருவரின் உடல்நிலையையோ நடத்தையையோ யாரும் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தார்கள். பார்த்ததையும் மறைத்தார்கள். "உங்களிடம் எடுக்க முடியாது, காரணம் இது" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் கேள்வி கேட்டிருக்கலாம், வழக்குப் போட்டிருக்கலாம். சிரித்தபடி வாங்கி, பின்னால் கொட்டியபோது அந்த உரிமையும் பறிபோனது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை கண்ணுக்காவது தெரியும். இது தெரியவே இல்லை.

விதிகளின் சொற்கள் பிறகு மாறின. ஆனால் 2013 டிசம்பரில், நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த முகாமில் ரத்தம் கொடுக்கப் போன உறுப்பினர் ப்னினா தமானோ ஷாட்டாவைத் திருப்பி அனுப்பினார்கள். காரணம், அவர் எத்தியோப்பியாவில் பிறந்தவர். மூன்று வயதில் இஸ்ரேலுக்கு வந்தவர் அவர். வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் உறைய வைத்துவிடுவோம், பயன்படுத்த மாட்டோம் என்றும் சொன்னார்கள். 2020இல் அவரே எத்தியோப்பியாவில் பிறந்த முதல் அமைச்சரானார். அவமதிப்பை அவர் கேமரா முன் கேள்வி கேட்டதால்தான் அது நாடு முழுக்கப் பேசுபொருளானது.

இது எங்கோ நடந்த கதை அல்ல. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு ரத்த தான வழிகாட்டு நெறிகள் திருநர்களையும் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களையும் நிரந்தரமாக விலக்கி வைத்தன. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அங்கும் கேட்கப்பட்டது "நீ என்ன செய்தாய்" என்பதல்ல, "நீ யார்" என்பதுதான்.

ஏப்ரல் 14 வந்தால் நம் தோழர்கள் ஊர் ஊராக ரத்த தான முகாம் நடத்துகிறார்கள். நல்ல பணி, தொடர வேண்டும். இனி முகாமுக்கு வரும் ரத்த வங்கியிடம் இரண்டு கேள்விகளையும் கேட்போம்: யாரை, எந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்புகிறீர்கள்? எடுத்த ரத்தத்தைப் பயன்படுத்தாவிட்டால் கொடுத்தவருக்குச் சொல்வீர்களா?