மலைக்காற்றும் யந்திரத்தின் மூச்சும்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையின் மீது வளைந்து வளைந்து ஏறும் பாதையில் காவலூரை நோக்கிச் செல்கின்ற மோட்டார் வண்டி, சமவெளியில் தனக்கிருந்த இழுவையில் ஒரு பங்கை வழியிலேயே இழந்துவிடுகிறது என்பதற்கு ஏற்றத்தின் பாரம் மட்டுமே காரணமன்று. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள அவ்விடத்தில் காற்றின் செறிவு ஏறக்குறைய 7 விழுக்காடு குறைவு; ஆகவே ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் யந்திரத்திற்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. மாசற்ற வானத்தைத் தேடிவந்த வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த அம்மலையில் 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியும், 1986-ல் அவர் பெயரையே தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியும் நிலைபெற்ற சரித்திரத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். மெலிந்த காற்றில் தவிக்கும் யந்திரத்திற்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவைக் கொண்டு மனிதன் மூச்சூட்ட முயன்ற சரித்திரம் தமிழில் அவ்வளவாகச் சொல்லப்படவில்லை. அதையே இங்கே சொல்ல விழைகிறேன்.

1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்ததும், 1799-ல் பிரிஸ்டல் நகரத்து ஆராய்ச்சி நிலையமொன்றில் இளைஞரான ஹம்ப்ரி டேவி தாமே முகர்ந்து பரீட்சித்ததும், 1844-ல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹோரஸ் வெல்ஸ் வலி தெரியாமல் பல் பிடுங்கப் பயன்படுத்தியதுமான நைட்ரஸ் ஆக்சைடு, ‘சிரிப்பூட்டும் வாயு’ என்ற பெயரால் நம்மவருக்கும் அறிமுகமானதே. இதற்குத் தானாக எரியும் சுபாவம் இல்லை. ஆனால் காற்றில் எடைக்கு 23 விழுக்காடே உள்ள பிராணவாயு இதில் 36 விழுக்காடு இருக்கிறது. சுமார் 300 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில் இது சிதையும்போது அந்தப் பிராணவாயு விடுதலை பெற்று, கூடுதலான பெட்ரோலை எரிக்க உதவுகிறது. சுத்தமான பிராணவாயுவையே யந்திரத்தில் செலுத்திவிடலாமே என்று கேட்பவர், அது பிஸ்டனை உருக்கிவிடும் என்பதையும், நைட்ரஸ் ஆக்சைடோடு உடன்வரும் நைட்ரஜன் அந்தத் தீயின் உக்கிரத்தைச் சற்றே தணிக்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அன்றியும், திரவமாகப் பீறிடும் இவ்வாயு ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிரச் செய்து அதன் செறிவைக் கூட்டுகிறது.

இந்த உண்மையைப் பெரிய அளவில் பிரயோகித்தவர்கள் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய விமானப் பொறியாளர்கள். எட்டாயிரம் மீட்டருக்கும் மேலே காற்று மிக மெலிந்து, காற்றை அழுத்தி ஊட்டும் விசிறியும் கைவிட்டுவிடும் உயரத்தில், மெஸ்ஸர்ஷ்மிட் 109 போன்ற விமானங்களுக்கு நைட்ரஸ் ஆக்சைடை ஊட்டும் ஏற்பாட்டிற்கு ‘ஜிஎம்-1’ என்று பெயரிட்டார்கள். காவலூர் ஏற்றத்தில் சிறு அளவில் நேரும் குறையே அங்கே மரண சங்கடமாக வளர்ந்திருந்தது. போருக்குப் பின் இந்த வித்தை அமெரிக்கப் பந்தயக்காரரிடம் சென்று, நெடுங்காலம் இரகசியமாகவே வழங்கிற்று. 1976-ல் டேடோனா பந்தயத்தின் தகுதிச் சுற்றில் முன்னணியில் நின்ற சிலருடைய நேரங்கள் இதன் பொருட்டே ரத்து செய்யப்பட்டன.

நம் நாட்டில் பந்தய யந்திரம் பழக்கும் கலை வளர்ந்த களம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். போர்க்காலத்து விமான ஓடுதளமான அவ்விடத்தில், 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் நடத்திய பந்தயங்களில், பியட் 1100-ம், வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடின. வெளிநாட்டு உதிரிப் பாகங்கள் அரிதாயிருந்த அந்நாளில், சிலிண்டர் ஹெட்டைத் தேய்த்து அழுத்த விகிதத்தை உயர்த்தியும், வால்வு வழிகளை அகலப்படுத்தியும், கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்தும், பிளக்கின் நிறத்தைக் கொண்டே உள்ளே எரியும் தீயின் குணத்தை உணர்ந்தும் அக்களத்து மெக்கானிக்குகள் பெற்ற ஞானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கோவையின் சுந்தரம் கரிவரதன் 1988-ல் மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் என்ஜினைக் கொண்டு சிருஷ்டித்த பார்முலா மாருதி அந்தப் பரம்பரையில் வந்ததே. 1990-ல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளமும் எழுந்தது.

நைட்ரஸ் ஆக்சைடைப் பிரயோகிப்பவனுக்கும் அந்தப் பிளக் பார்க்கும் கண்தான் முதலில் வேண்டும். ஏனெனில் இவ்வாயு யந்திரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தன் மிகுதியால் அன்று, பெட்ரோலின் குறைவால். காற்றில் ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டுமென்றால், நைட்ரஸ் ஆக்சைடு சுமார் ஒன்பதரை கிலோவே போதும். அதற்கேற்ற பெட்ரோல் அதே கணத்தில் வந்து சேராவிடில் தீ கட்டுமீறி, என்ஜின் தட்டத் தொடங்கி, சில விநாடிகளில் பிஸ்டனில் ஓட்டை விழும். ஆகவே பெட்ரோலின் அழுத்தம் குறைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் சுவிட்சும், ஆக்சிலரேட்டர் முழுதும் அழுந்தி என்ஜின் நிமிஷத்திற்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டிய பின்னரே வாயுவைத் திறக்கும் ஏற்பாடும், வெப்பத்தை விரைந்து கடத்தும் பிளக்கும், உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலும் இன்றியமையாதவை. கூட்டும் ஒவ்வொரு 50 குதிரைத் திறனுக்கும் தீப்பொறியின் டைமிங்கைச் சுமார் 2 பாகை பின்தள்ளுவது அனுபவஸ்தர் வழக்கம். வாயுவின் அளவை வரையறுக்கும் ஜெட்டில் சிறியதில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பின்னும் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, பிறகே அடுத்த ஜெட்டுக்குப் போக வேண்டும்.

மேனாட்டு நூல்கள் அதிகம் பேசாத அபாயம் ஒன்று நம் சீமைக்கு உண்டு. 36.4 பாகை உஷ்ணத்திற்கு மேல் நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்பதில்லை. ஜவ்வாது மலையை அடுத்த வேலூரிலும் திருப்பத்தூரிலும் கோடையில் நிழலிலேயே 40 பாகை தாண்டும். பூட்டிய காருக்குள் அதனினும் மிகும். குளிர்ந்த தேசத்தில் வாயுச் சிலிண்டரைச் சூடேற்றப் போர்வை போர்த்துகிறார்கள்; இங்கோ ஈரத்துணி சுற்ற வேண்டியிருக்கும். உஷ்ணம் ஏறினால் சிலிண்டரின் அழுத்தம் ஏறி, ஜெட்டின் கணக்கு பொய்த்துப்போகும். இன்னும் ஏறினால் பாதுகாப்புத் தகடு வெடித்து வாயு முழுவதும் வெளியேறும். அந்த வாயு ஓட்டுபவர் அமர்ந்திருக்கும் அறைக்குள் புகாமல் குழாய் வழியே வெளியே செல்லும்படி அமைப்பதும், சிலிண்டர் முழுதும் நிறையாமல் எடைபோட்டு நிரப்புவதும் உயிர்காக்கும் ஏற்பாடுகள்.

தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிற்கு மாறாக வாகனங்களைத் திருத்தக்கூடாதென்று உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவுபடுத்திவிட்ட பின், பொதுச்சாலையில் இந்த வாயுவுக்கு இடமே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் மலையூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்துபோகும் சாலையில் இடம் இருக்கவும் கூடாது. இதைப் பரீட்சிக்க விரும்பும் இளைஞர், தீயணைப்போரும் வைத்தியரும் காத்துநிற்கும் இருங்காட்டுக்கோட்டைக்கோ, கரிவரதன் பெயரால் 2003-ல் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் அமைந்த களத்திற்கோ, பந்தய விதிகள் இடங்கொடுக்கும் நாளில் தம் வண்டியைக் கொண்டுசெல்லட்டும்.