ஆவணப்படம், அயல்மொழிப் படம்: விமர்சனம் எழுதுவது எப்படி? பெங்களூருவில் இருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சனி, ஞாயிறு இரண்டு நாளும் திரைப்பட விழா வரிசையில் நின்று ஈரான் படம், கொரியா படம் என்று பார்த்துத் தீர்ப்பவரா நீங்கள்? திங்கட்கிழமை ஆபீஸ் கேன்டீனில் அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் தவிக்கிறீர்களா? 'இதைப் பத்தி எழுதினா என்ன?' என்று ஒருமுறையாவது தோன்றியிருக்கும். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஒரு நட்சத்திரப் படத்துக்கு இடைவேளைக்குள்ளேயே விமர்சனங்கள் குவிந்துவிடும். நீங்கள் எழுதாவிட்டாலும் அந்தப் படத்துக்கு ஒன்றும் ஆகாது. விளம்பரச் செலவே இல்லாத ஆவணப்படத்தின் நிலை வேறு. தமிழில் அதைப் பற்றி வரும் ஒரே கட்டுரை உங்களுடையதாகக்கூட இருக்கலாம். அதோடு, ஆவணப்படத்தில் வருபவர்கள் நடிகர்கள் இல்லை. படம் முடிந்த பிறகும் அதே ஊரில், அதே பெயரோடு வாழப்போகிறவர்கள். நீங்கள் எழுதுவது அவர்களையும் தொடும்.

பெங்களூருவில் இதற்கு என்ன மரபு இருக்கிறது?

நல்ல மரபே இருக்கிறது. சத்யஜித் ராய் முதல் தலைவராக இருந்த இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு 1959ல் உருவானது. அந்த அலையில் பெங்களூருவில் 1971ல் பிறந்தது சுசித்ரா திரைப்படச் சங்கம். பனசங்கரியில் இருக்கும் அதன் அரங்கில் இன்றும் படங்கள் திரையிடப்படுகின்றன.

இந்த ஊரில் இருந்து வந்த 'டீப் ஃபோகஸ்' ஆங்கிலத் திரைப்பட இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர் எம்.கே. ராகவேந்திரா. சிறந்த திரைப்பட விமர்சகருக்கான தேசிய விருது பெற்றவர். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும் பேராசிரியர் என். மனு சக்ரவர்த்திக்கும் அதே விருது கிடைத்திருக்கிறது.

தமிழர்களுக்குத் தெரிந்த பெயரும் உண்டு. 'தி ஐ ஆஃப் தி சர்ப்பென்ட்' என்ற தமிழ்த் திரைப்பட வரலாற்று நூலுக்காகத் தேசிய விருது பெற்ற சு. தியடோர் பாஸ்கரன், ஓய்வுக்குப் பிறகு பெங்களூருவில் குடியேறியவர். அஞ்சல் துறையில் தலைமை அஞ்சல் அதிகாரி பதவி வரை உயர்ந்தவர். அந்தப் பணிக்காலத்திலேயே சினிமா ஆய்வையும் விடாமல் செய்தார். ஆக, 'வேலைக்குப் போய்க்கிட்டே இதெல்லாம் முடியுமா?' என்ற கேள்விக்குப் பதில் உள்ளூரிலேயே இருக்கிறது.

ஆவணப்படம் என்றால் அப்படியே உண்மையா?

ஆங்கிலத்தில் ஆவணப்படத்தைக் குறிக்கும் 'டாக்குமென்டரி' என்ற சொல் சினிமாவில் நிலைபெற்றதே ஒரு விமர்சனத்தால்தான். 1926ல் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டியின் 'மோவானா' படத்துக்கு நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதும்போது ஜான் கிரியர்சன் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்.

அதே ஃப்ளாஹெர்ட்டியின் முந்தைய படம் 'நானூக் ஆஃப் தி நார்த்' (1922). கனடாவின் இனூயிட் மக்களைப் பற்றியது. அதில் நானூக் என்று காட்டப்படுபவரின் நிஜப்பெயர் அல்லகரியல்லக். அப்போதே துப்பாக்கி வைத்து வேட்டையாடியவர்களை, பழைய முறைப்படி ஈட்டியால் வேட்டையாட வைத்துப் படம் எடுத்தார்கள். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று, ஒரு பக்கம் திறந்த வீட்டைக் கட்டினார்கள்.

அப்போ அது பொய்ப்படமா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. எந்த ஆவணப்படமும் யாரோ ஒருவர் கேமரா வைத்து, சிலவற்றை எடுத்து, பலவற்றை வெட்டி, இசை சேர்த்து உருவாக்கியது. அந்தத் தேர்வுகளைக் கண்டுபிடித்து வாசகருக்குச் சொல்வது விமர்சகரின் வேலை. படம் பார்க்கும்போது இந்தக் கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

- கேமரா அந்த இடத்துக்குள் எப்படிப் போனது? யார் அனுமதித்தார்கள்?
- யார் பேசுகிறார்கள்? பேச வேண்டியவர்களில் யார் பேசவில்லை?
- பின்னணிக் குரல் யாருடையது? அது விளக்குகிறதா, தீர்ப்பு சொல்கிறதா?
- சம்பவங்கள் நடந்த வரிசையிலேயே காட்டப்படுகின்றனவா?
- பணம் போட்டது யார்?

கடைசிக் கேள்விக்குப் படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலிலேயே பதில் கிடைக்கும். அதனால் விளக்கு போட்டவுடன் எழுந்து ஓடாதீர்கள். 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012) படத்தின் பட்டியலில் இந்தோனேசியக் குழுவினர் பலருக்கு 'பெயர் வெளியிடப்படாதவர்' என்றுதான் போட்டிருக்கும். 1965-66 படுகொலைகளைப் பற்றிய படம் அது. அங்கே இன்னும் எவ்வளவு பயம் மிச்சமிருக்கிறது என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

படத்தில் இருப்பவர்கள் 'இது நாங்கள் இல்லை' என்றால்?

உத்தரப் பிரதேசத்தில் பெண்கள் நடத்தும் செய்தி நிறுவனம் 'கபர் லஹரியா'. அதைப் பற்றி ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் இயக்கிய 'ரைட்டிங் வித் ஃபயர்' (2021) ஆஸ்கர் இறுதிப்பட்டியல் வரை போனது. ஆனால் 2022 மார்ச்சில், விருது விழாவுக்குச் சில நாட்களுக்கு முன், கபர் லஹரியாவே ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் வலுவானதுதான், ஆனால் ஒரே ஒரு கட்சியைப் பற்றி மட்டும் செய்தி சேகரிப்பவர்கள் போலத் தங்களைக் காட்டியிருப்பது சரியல்ல என்பது அதன் சாரம்.

அதற்கு முன்பே படத்தைப் பாராட்டி எழுதியவர்கள் என்ன செய்திருக்க முடியும்? அந்த அறிக்கையை முன்கூட்டியே ஊகிக்க முடியாதுதான். ஆனால் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் அரைமணி நேரம் செலவிட்டு, அவர்கள் வேறு என்னென்ன செய்திகள் போடுகிறார்கள் என்று பார்த்திருக்கலாம். படத்துக்கு வெளியே ஒரு எட்டு போய்ப் பார்ப்பது ஆவணப்பட விமர்சனத்தின் அடிப்படை வேலை.

நமக்குப் பக்கத்து உதாரணம், முதுமலையில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய இந்தச் சுமார் 40 நிமிடப் படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், படத்தில் வரும் பொம்மன், பெள்ளி தம்பதி பணம் தொடர்பாகப் புகார் சொன்னதாகச் செய்தி வந்தது. படக்குழு தரப்பு அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று விமர்சகர் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஆனால் இன்று அந்தப் படத்தைப் பற்றி எழுதினால், இந்தச் சர்ச்சையை இரு தரப்போடும் ஒரு வரியாவது சொல்லத்தான் வேண்டும்.

மொழி தெரியாத படத்தை எப்படி விமர்சிப்பது?

சப்டைட்டிலை நம்பித்தான். ஆனால் முழுசா நம்பி இல்லை.

'பாரசைட்' (2019) பார்த்திருப்பீர்கள். பணக்கார வீட்டம்மா போன் பண்ணி, மாட்டிறைச்சி போட்ட நூடுல்ஸ் செய்யச் சொல்வார். ஆங்கில சப்டைட்டிலில் அதன் பெயர் 'ராம்-டான்'. அப்படி ஓர் உணவே கிடையாது. கொரிய மூலத்தில் அது 'ஜப்பகுரி', இரண்டு மலிவான பாக்கெட் நூடுல்ஸைக் கலந்து செய்வது. அதன் மேல் விலை உயர்ந்த மாட்டிறைச்சியைப் போடச் சொல்வதில்தான் வர்க்கக் கிண்டல் இருக்கிறது. அதே படத்தில் சியோல் தேசியப் பல்கலைக்கழகம் 'ஆக்ஸ்ஃபோர்ட்' ஆகிவிடும். வெளிநாட்டுப் பார்வையாளருக்குச் சட்டென்று புரியட்டும் என்று மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு அது.

இங்கே தமிழராக உங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. 'வா', 'வாங்க' இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொரியன், ஜப்பான், பிரெஞ்சு மொழிகளிலும் மரியாதைப் பேச்சு, உரிமைப் பேச்சு என்று வித்தியாசம் உண்டு. ஒரு பாத்திரம் திடீரென மரியாதையைக் கைவிடும் இடம் கதையின் திருப்பமாகக்கூட இருக்கும். சப்டைட்டிலில் அது வராது. குரலிலும் எதிரே இருப்பவர் முகத்திலும் தெரியும்.

ஆகவே 'வசனம் சுமார்' என்று எழுதும் முன் யோசியுங்கள். சுமாராக இருப்பது வசனமா, சப்டைட்டிலா? அந்த மொழி தெரிந்த நண்பர் இருந்தால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பல நாட்டுக்காரர்கள் வேலை பார்க்கும் பெங்களூருவில் அது அவ்வளவு கஷ்டமில்லை.

நாட்டின் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஈரான் படங்களில் பெண்கள் வீட்டுக்குள் தனியாக இருக்கும்போதும் தலையை மூடியிருப்பார்கள். அது அந்தப் பாத்திரத்தின் குணம் என்று படித்தால் தப்பு. 1979 புரட்சிக்குப் பின் திரைக்கு வந்த கட்டுப்பாடு அது. நிஜ வாழ்க்கையில் வீட்டுக்குள் அப்படி இருப்பதில்லை என்பது அங்குள்ள பார்வையாளர்களுக்கே தெரியும்.

எங்கே பார்க்கலாம்? சென்சார் சிக்கல் என்ன?

கர்நாடகச் சலனசித்ர அகாடமி ஆண்டுதோறும் நடத்தும் பெங்களூரு சர்வதேசத் திரைப்பட விழா முதல் இடம். 2025 மார்ச்சில் 16வது விழா நடந்தது. ஆண்டின் மற்ற நாட்களில் சுசித்ரா, டோம்லூர் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர், இந்திராநகர் மேக்ஸ் முல்லர் பவன், வசந்த்நகர் அலியான்ஸ் பிரான்சேஸ் ஆகியவற்றின் நிகழ்ச்சி நிரலைக் கவனியுங்கள். ஊருக்குப் போகும்போது மதுரை ஆவணப்பட, குறும்பட விழா நடந்தால் விடாதீர்கள்.

1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி, பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை. விழாக்களுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு தரும். அதனால் விழாவில் நீங்கள் பார்த்ததும் பிறகு தியேட்டரில் வருவதும் ஒரே படமாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) போன்ற படங்களுக்குத் திரையிடலே பிரச்சினையானது. மலக்குழி மரணங்களைப் பற்றிய அந்தப் படத்தைப் பல இடங்களில் திரையிட முடியாமல், கடைசியில் யூடியூபில் வெளியிட்டார்கள். படம் மக்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதும் விமர்சனத்தின் பகுதிதான்.

எழுத உட்காரும்போது

- முதல் பத்தியிலேயே படம் எதைப் பற்றியது, யார் எடுத்தது, எந்த மொழி, எவ்வளவு நேரம், எங்கே பார்க்கலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள்.
- ஒரு காட்சியையாவது கண்முன் நிற்கும்படி எழுதுங்கள். 'அருமை', 'மெதுவா போகுது' என்பதற்கான ஆதாரம் அந்தக் காட்சிதான்.
- விஷயம் முக்கியமானது என்பதாலேயே படம் நல்ல படமாகிவிடாது. இரண்டையும் தனித்தனியாக எடைபோடுங்கள்.
- பெயர்களின் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதினால் தப்பாகலாம்.
- இயக்குநர் நண்பரா? விமர்சனத்திலேயே சொல்லிவிடுங்கள், அல்லது எழுதாதீர்கள்.
- படக்குழு தந்த இணைப்பை யாருக்கும் அனுப்பக் கூடாது. வெளியீட்டுத் தேதிவரை காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.
- படத்தில் வருபவர்களின் ஊர், வீடு, குடும்பம் பற்றிப் படம் சொல்லாத எதையும் தேடிப்பிடித்துப் போடாதீர்கள்.

சம்பளம்? தமிழில் இதை மட்டும் நம்பி வேலையை விடுவது இப்போதைக்குப் புத்திசாலித்தனம் இல்லை. மாதம் இரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் 600 வார்த்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் 24 விமர்சனங்கள் சேர்ந்துவிடும். அடுத்த முறை ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் பேசும்போது காட்டுவதற்கு அது போதும். அதைவிட முக்கியம், தமிழில் தேடுபவருக்கு அந்த 24 படங்களைப் பற்றிப் படிக்க ஏதோ ஒன்று இருக்கும்.