நடுகல்லும் வடிவமொழியும்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டிய செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. அங்குக் கிடைத்த கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என நூலாக்கியது. அவற்றைத் தொடர்ந்து பயில்வார்க்கு ஓர் ஒழுங்கு விரைவில் புலப்படும். 'கோவிசைய' என்னும் அடை, அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் சார்ந்த தலைவன், வீரன் பெயர், அவன் மாண்ட சூழல், ஈற்றில் 'பட்டான் கல்' என்பது பெரும்பான்மை வழக்கு. பெயரும் எண்ணும் கல்லுக்குக் கல் மாறும். அவை அமரும் இடங்கள் பெரிதும் மாறா. ஒரு வரி சிதைந்தவிடத்து அங்கே வரவேண்டியது பெயரா எண்ணா என்பதை அமைப்பே உணர்த்திவிடும். எவன் பெயர் என்பதை மட்டும் அது உணர்த்தாது.

கணிதத் தருக்கம் நிற்பதும் இவ்வேறுபாட்டின் மேல்தான். 1879இல் ஜெர்மானிய அறிஞர் பிரேகே சிந்தனைக்கெனக் குறியீட்டு மொழியொன்றை வகுத்தார். அத்தகைய வடிவமொழிக்கு வேண்டுவன குறியீடுகளும், அவற்றைக் கோக்கும் விதிகளுமே. 'அ எனின் ஆ' என்பதும் 'அ' என்பதும் கிடைப்பின் 'ஆ' பெறப்படும். அ என்பது மழையா போரா என்று விதி வினவுவதில்லை. பாவலர்க்கு இது புதிதன்று. மாமுன் நிரையும் விளமுன் நேரும் வந்தனவா எனத் தளை பார்ப்போர் அவ்வளவில் பாட்டின் பொருளை நோக்குவதில்லையே!

இத்துறை தமிழகத்திலும் வேரூன்றியது. சாம்ஸ்கி 1956இல் இலக்கணங்களின் ஆற்றலை ஒப்பிட்டு ஆராய்ந்தபின், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிரிதிவாசனுடன் இணைந்து, 1974இல் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்துக் கட்டுரை வெளியிட்டனர். எழுத்துத் தொடரை ஆண்ட விதி புள்ளி வரிசையையும் ஆளும் என்று காட்டிய அப்பணி தமிழ்த்துறையினரிடையே போதிய கவனம் பெறவில்லை என்றே கூறவேண்டும்.

மீண்டும் கல்லுக்கு வருவோம். பழைய செங்கம் வட்டத்து எடுத்தனூர்க் கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டினது. எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்ட கருந்தேவகத்தியின் செய்தி மரபான வாய்பாட்டில் அமைந்து 'கல்' என முடிகிறது. அதற்குப் புறம்பாக இன்னொரு செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது: கோவிவன் என்னும் அவனது நாய் இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனோடு நாயின் உருவமும் கல்லில் உண்டு.

பிற கற்களைக் கொண்டு வகுத்த இலக்கணம் இத்தொடரைத் தன் மொழியில் சேர்க்காது. சேர்க்க வேண்டின் புதிய விதி வேண்டும். முரணற்றதாய், எண்கணிதத்தை உள்ளடக்குமளவு வலிமையுடையதாய், விதிகள் வரையறுக்கப்பட்டதாய் அமைந்த எந்த முறையிலும் நிறுவவோ மறுக்கவோ இயலாத கூற்று உண்டு என 1931இல் கெடல் நிறுவியதற்குக் கோவிவனைச் சான்றாக்குவது மிகை. அது வேறு வகைச் சிக்கல். ஈண்டு நிகழ்ந்தது எளியது. வாய்பாடு முற்றிய பின்னும் கல்தச்சன் உளியைக் கீழே வைக்கவில்லை; நாய்க்கும் பெயர் பொறித்தான்.