சேலத்து ‘நடை’யும் லண்டன் ‘ஸ்னிஃபின் குளூ’வும்

1968 அக்டோபரில் சேலத்திலிருந்து ‘நடை’ இலக்கியக் காலாண்டிதழ் வெளிவந்தது. எட்டு இதழ்களோடு 1970இல் நின்றது. 1976 ஜூலையில் லண்டனில் மார்க் பெர்ரி என்ற இளைஞர் பங்க் என்ற முரட்டு ராக் இசைக்காக ‘ஸ்னிஃபின் குளூ’ இதழைத் தொடங்கினார். அதுவும் ஓராண்டு தாண்டி பன்னிரண்டாம் எண்ணோடு முடிந்தது. பெரிய பத்திரிகைகள் சீந்தாததைக் கைக்காசு போட்டுப் பேசியவை இரண்டும். ஒற்றுமை அத்தோடு சரி. எனக்கு முக்கியமாகப் படுவது வேற்றுமைதான்.

பெர்ரி வங்கி எழுத்தர். இதழின் பெயரை ரமோன்ஸ் குழுவின் பாட்டிலிருந்து எடுத்தார். பக்கங்களைத் தட்டச்சு செய்து, தலைப்பைத் தடித்த பேனாவால் கிறுக்கி, அடித்தல் திருத்தல்களை அப்படியே விட்டு, முதலில் 50 பிரதிகள் ஜெராக்ஸ் எடுத்தார். சில மாதங்களில் விற்பனை ஆயிரக்கணக்கில் ஏறியது. நண்பர் டேனி பேக்கர் எழுத்தாளராகவும் உடன் ஆசிரியராகவும் சேர்ந்தார். நேற்றிரவு கேட்ட பாட்டைப் பற்றி இன்றே எழுதும் வேகம் அவர்களுடையது. பிழை திருத்த உட்கார்ந்தால் அந்தச் சூடு ஆறிவிடும்.

‘நடை’யின் ஆசிரியர் என்று இருந்த பெயர் கோ. கிருஷ்ணசாமி. அதன் உயிர்நாடி சி. மணி, ஆங்கிலப் பேராசிரியர்; சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் 1962இலேயே ‘நரகம்’ கவிதை எழுதியவர். வே. மாலி, செல்வம் என்று வேறு பெயர்களிலும் எழுதினார். பெர்ரியும் ‘மார்க் பி.’ என்றே கையெழுத்திட்டார். ஆனால் லண்டனில் அந்தப் பெயரே இயக்கத்தின் முகமானது. சேலத்தில் ஆள் பின்னால் நிற்க எழுத்து மட்டும் முன்னால் வந்தது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து, புரூஃப் பார்த்து அச்சேற்றிய காலம் அது. ஒரு சொல்லை மாற்றினாலும் வரியைக் கலைத்து மறுபடி கோக்க வேண்டும். கிறுக்கிப் போட அங்கே வழியில்லை. மணிக்கு அதில் விருப்பமும் இல்லை.

பங்க் இளைஞர்கள் இசைப் பயிற்சியையே தேவையில்லை என்றார்கள். யாப்பை உடைத்த மணியோ, செல்வம் என்ற பெயரில் ‘யாப்பியல்’ எழுதினார். மரபைக் கரைத்துக் குடித்துவிட்டு மீறியவர் அவர். ஞானக்கூத்தனின் ‘பிரச்னை’ கவிதையும் ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ நாடகமும் வந்தது ‘நடை’யில்தான்.

எழுத்தின் ஆழத்தில் ‘நடை’யே மேல். ஒன்றில் மட்டும் பெர்ரி முந்திக்கொள்கிறார்: நாங்கள் எழுதுவதோடு திருப்தி அடையாதீர்கள், நீங்களே ஓர் இதழ் தொடங்குங்கள் என்று வாசகரை அவர் நேரடியாகவே தூண்டினார். அதைக் கேட்டு இங்கிலாந்தெங்கும் கைப்பத்திரிகைகள் முளைத்தன. நம் சிற்றிதழ்கள் வாசகரிடம் அப்படி வாய்விட்டுக் கேட்டது குறைவு. அதைப் பெருங்குறையாகவே நினைக்கிறேன்.

‘குளூ’ இதழ்கள் 2000இல் புத்தகமாகவே வந்துவிட்டன. சூரமங்கலத்திலோ செவ்வாய்ப்பேட்டையிலோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிற்றிதழ் ஒன்று கிடைத்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சேலம் ஜங்ஷனில் ரயிலேறினால் சென்னை. அங்கே தரமணியில் பழைய இதழ்களைப் பாதுகாக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.